சின்னப் படைக்காரி

தீபாவளி முடிந்துவிட்டால் பட்டாசுக் கடையில் ஈ ஓட்டுகிற வேலைதான். எங்கள் கடையில் ஈயை நான் ஓட்டினேன். பில் போடுகிற பிள்ளை படை ஓட்டினாள்.

சிவகாசியிலிருந்து சாத்தூர் போகிற சாலையில் இருந்தது கடை. நீளமான தகரக் கூரை ஹால், முன்பக்கம் மூன்று ஷட்டர், பின்பக்கம் ஒரு சரக்கு அறை. நான் அங்கே சூப்பர்வைசர். அவள் கம்ப்யூட்டரில் பில் போடுகிறவள். முப்பதைத் தாண்டியிருப்பாள். ஒல்லி. சிரிப்பு எப்போது வரும், எப்போது போகும் என்று அவளுக்கே தெரியாது. மார்கழி, தை மாதங்களில் ஒரு நாளைக்கு நாலு பேர் கடைக்குள் வந்தால் அதிசயம். மற்ற நேரமெல்லாம் பில் கம்ப்யூட்டரில் யானைகளும் குதிரைகளும் ஈட்டிக்காரர்களும் புழுதி கிளப்பிக்கொண்டிருப்பார்கள். ஏதோ பழங்காலத்துப் போர் விளையாட்டு. துப்பாக்கி கிடையாது, பீரங்கி கிடையாது.

"பட்டாசுக் கடையில உக்காந்துக்கிட்டு வெடியில்லாத சண்டையா?" என்று கேட்டேன்.

"வெடியத்தான் தெனமும் பாக்கமே அண்ணே," என்றாள்.

அந்த விளையாட்டில் எந்தப் படை வேண்டும் என்று நாமே எடுத்துக்கொள்ளலாம். யாராக இருந்தாலும் பெரிய படையை எடுப்பார்கள். என்னிடம் மவுஸைக் கொடுத்தபோது நான் அதைத்தான் செய்தேன். எல்லோரையும் ஒரே நேரத்தில் முன்னால் விட்டேன், டீ ஆறுவதற்குள் தோற்றேன். அவள் சின்னப் படையைத்தான் எடுப்பாள். எதிரிக்குத் தன்னைப்போல் மூன்று மடங்கு, நாலு மடங்கு கொடுத்துவிடுவாள். அவர்கள் திரையை அடைத்துக்கொண்டு இறங்கி வரும்போது நான் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவேன். அவள் காரச்சேவைக் கொறித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

"எம்புட்டுப் பேருன்னு எண்ணாதீக அண்ணே. ஒரே நேரத்துல எம்புட்டுப் பேரு நம்ம மேல கை வைக்க முடியும்னு பாருங்க."

இதை அவள் சொல்லாத வாரம் கிடையாது. போர் தொடங்கியதும் அவள் எதிரியைத் தேட மாட்டாள், இடத்தைத் தேடுவாள். ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் பாறை, நடுவில் கொஞ்சம் ஆட்கள் தோளோடு தோள் நின்றால் அடைபட்டுவிடுகிற சந்து. அங்கே ஈட்டிக்காரர்களை நிறுத்துவாள். பின்னால் மேட்டில் வில்லாளிகள். குதிரைக்காரர்களை மரங்களுக்குள் ஒளித்துவைத்துவிட்டு, அப்படி ஒரு கூட்டம் தன்னிடம் இருப்பதையே மறந்தவள் போல இருப்பாள். பெரும்படை வந்து சந்தில் மாட்டிக்கொள்ளும். முன்னால் இருப்பவன் சண்டை போடுவான், பின்னால் இருக்கும் பெருங்கூட்டம் ரேஷன் கடை வரிசை மாதிரி எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கும். அவ்வளவு பேர் வந்தும் ஒரு பிரயோஜனமும் இருக்காது.

ஒவ்வொரு கூட்டத்தின் தலைக்கு மேலும் திரையில் ஒரு சின்னக் கொடி மிதக்கும். அந்தக் கூட்டத்துக்குப் பயம் பிடித்துவிட்டால் கொடி வெளுத்துவிடும். வெளுத்த கொடிக்காரர்கள் ஓடுவார்கள். அவர்கள் ஓடுவதைப் பார்த்துப் பக்கத்தில் நிற்கிற கூட்டத்தின் கொடியும் வெளுக்கும். அவள் கண் முழுக்க அதில்தான் இருக்கும்.

"ஆளக் கொன்னு யாரும் செயிக்கிறதில்ல. ஓரத்துல ஒரு கூட்டத்த ஓட வச்சாப் போதும். மிச்சத்த அவுகளே பாத்துக்கிடுவாக," என்பாள். அப்போதுதான் மரங்களுக்குள்ளிருந்து குதிரைகள் வெளியே வரும், எதிரியின் முதுகுப் பக்கமாக. ஆனால் எதிரியை முழுக்க வளைக்க மாட்டாள். ஒரு பக்கம் திறந்தே விட்டிருப்பாள். போக்கிடம் இல்லாதவன் சாகிற வரைக்கும் நிற்பான், போக்கிடம் தெரிந்தால் ஓடத்தான் பார்ப்பான் என்பது அவள் கணக்கு.

ஓடுகிறதைப் பற்றி இவ்வளவு எப்படித் தெரியும் என்று ஒருநாள் கிண்டலாகக் கேட்டேன். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். அவளுடைய அம்மா அச்சங்குளம் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் வேலை பார்த்தவர். ஒரு மத்தியானம் ஆலையின் அந்தக் கோடியில் ஒரு அறை வெடித்திருக்கிறது. அம்மா இருந்தது இந்தக் கோடியில். அங்கே ஒரு பொறிகூட வந்து விழவில்லை. ஆனால் சத்தம் கேட்டதும் எல்லோரும் வாசலுக்கு ஓடியிருக்கிறார்கள். அதில் அம்மாவின் கால் நசுங்கிப் போனது.

"எங்கம்மா கால நெருப்பு தொடவேயில்ல அண்ணே. ஆளுக மிதிச்சதுதான். கூட வேல பாத்தவுகதான், ஒரே வேன்ல போயி வந்தவுக."

பில்லில் கடைசி வரியை வாசிக்கிற குரலில் சொல்லிவிட்டு, குதிரைகளைக் கூப்பிடப் போய்விட்டாள். நான் அதற்குப் பிறகு அந்த விளையாட்டைக் கிண்டல் செய்வதைக் குறைத்துக்கொண்டேன்.

விளையாட்டைத் திரையோடு நிறுத்துகிற ஆள் இல்லை அவள். பஸ்ஸில் ஏறினால் கடைசி சீட், முதுகுக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது. ஒருமுறை வேன் பிடித்து வந்த ஏழெட்டு ஆண்கள், பெட்டியில் சரக்கு குறைகிறது என்று கவுண்டரைச் சுற்றிக்கொண்டு கத்தினார்கள். நான் பதிலுக்குக் கத்தத் தொடங்கியிருந்தேன். அவள் எழுந்தாள். கத்துகிறவர்களை விட்டுவிட்டு, ஓரமாக நின்ற வயதானவர் ஒருவரைப் பார்த்து, "பெரியய்யா, நீங்க மட்டும் வாங்க, ரெண்டு பேருமா எண்ணிருவோம்," என்று கவுண்டரை ஒட்டிப் பலகையால் தடுத்த சின்ன அறைக்குக் கூப்பிட்டுக்கொண்டு போனாள். அந்த அறையில் இரண்டு பேருக்கு மேல் நிற்க முடியாது. பெட்டி அவர்கள் வேனிலேயே பிரிந்திருந்தது. அது அவருக்கும் தெரிந்துவிட்டது. "வண்டி குலுக்கல்ல பிரிஞ்சிருக்கும், யாரு மேலயும் தப்பில்ல," என்று அவள் அவருக்கு முன்னாலேயே வழி விட்டுவிட்டாள். அவர் வெளியே வந்து தன் ஆட்களை அதட்டி வண்டியில் ஏற்றினார். நான் வாயைத் திறந்தபடி நின்றது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

எனக்குப் பிடிக்காத ஒன்றும் அவளிடம் இருந்தது. சந்தில் இடம் பிடிக்க நேரம் போதாமல் போகும்போது, தன் ஆட்களில் ஒரு சின்னக் கூட்டத்தை எதிரிக்கு முன்னால் அனுப்பிவிடுவாள். பெரும்படை அவர்கள்மேல் விழும். அதற்குள் மற்றவர்கள் பாறைக்கும் ஆற்றுக்கும் நடுவில் போய் நின்றுகொள்வார்கள். முன்னால் போனவர்களை அவள் திரும்பிப் பார்க்க மாட்டாள்.

"ஏம்மா, அங்கன சாவுறாங்களே, அவங்களத் திரும்பக் கூப்புடக் கூடாதா?"

"கூப்புட்டா அவுக பின்னாலயே அம்புட்டுப் பேரும் வருவாகல்ல. அவுக நிக்கிற நேரந்தான் எனக்கு வேணும்."

"பாவமா இல்லியா?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபமில்லை, வருத்தமுமில்லை. "பாவம்தான்," என்றாள். அன்றைக்கு அவள்மேல் எனக்கு லேசாகப் பயம் வந்தது. கம்ப்யூட்டர் பொம்மைகள்தான் என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன்.

சீசன் வந்தால் நாங்களே சின்னப் படை. ஏழு பேர் வேலைக்கு, ஹால் கொள்ளாத கூட்டம். மூன்று ஷட்டரும் திறந்திருந்தால் பாதிப் பேர் கிஃப்ட் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு பில் போடாமலே நழுவிவிடுவார்கள். அவள்தான் முதலாளியிடம் பேசி, இரண்டு ஷட்டரை இறக்கிவிட்டு நடு ஷட்டரை மட்டும் திறந்துவைக்கச் செய்தாள். அதற்குப் பக்கத்திலேயே பில் கவுண்டர். போவதற்கும் வருவதற்கும் அந்த ஒரே வாசல்தான். முதலாளிக்கு வாயெல்லாம் பல். "இந்தப் பிள்ளைக்கு மண்டை பூராவும் மூளைய்யா," என்று போகிற வருகிறவர்களிடம் எல்லாம் சொன்னார்.

அந்த வருடம் தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. காலையில் ஒரு லாரி லோடு வந்து இறங்கியது. வைக்க இடமில்லை. "சரக்கு அறைப் பின்கதவ மறிச்சு அடுக்குங்கய்யா, சாயந்தரத்துக்குள்ள வித்துரும்," என்றார் முதலாளி. எங்கள் பக்கம் சீசனில் இதை யாரும் தப்பு என்று நினைப்பதில்லை. ஐப்பசி மாதத்தில் பின்கதவும் ஒரு சுவர்தான். கூரை வரைக்கும் அடுக்கிவிட்டார்கள்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் கூட்டம் உச்சத்தில் இருந்தது. மதுரை வண்டிகள், பெங்களூரு வண்டிகள், பிள்ளைகுட்டிகளோடு வந்த குடும்பங்கள். நான் கிஃப்ட் பாக்ஸ் எடுக்கச் சரக்கு அறைக்குள் போனேன். மூக்கில் ரப்பர் கருகுகிற வாடை அடித்தது. மூலையில் இருந்த இன்வெர்ட்டரின் பேட்டரி வயர் உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. சுவிட்சை அணைத்தேன். அணைத்தும் புகை நிற்கவில்லை. கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் மத்தாப்புப் பெட்டிகள்.

ஓடாமல் நடந்து வந்து அவள் காதுப் பக்கம் குனிந்தேன். எப்படி நடந்தேன் என்று தெரியவில்லை. "உள்ள பேட்டரி வயர் பொகையுது," என்றேன்.

அவள் தலையைத் தூக்கவில்லை. "சுடர் இருக்கா?"

"இல்ல. பொகை மட்டும்."

விரல்கள் நின்றன. ஹாலை ஒருமுறை பார்த்தாள். தலைக்கு மேல் கொடி தேடுகிறவள் மாதிரி, ஒவ்வொரு கூட்டமாக.

"மத்த ரெண்டு ஷட்டரையும் தூக்கிரவா?" என்றேன்.

"தொடாதீக. அது தடதடன்னு ஏறுற சத்தத்துக்கு வெடிச்சிருச்சுன்னு நெனப்பாக. நீங்க உள்ள போங்க. மணல் வாளி இருக்குல்ல. கதவச் சாத்திக்கிடுங்க, பொகை வெளிய வந்துறக் கூடாது. வாட்ச்மேன வெளிய போயி பயர் ஸ்டேஷனுக்குப் போன் போடச் சொல்றேன், மணி அடிக்காம வரச் சொல்லி."

"நீ?"

"இவுகள வெளிய அனுப்புறேன். போங்க அண்ணே."

நான் அவளுக்கு மேலே உள்ளவன். ஆனால் அவள் சொன்னபடி போனேன். உள்ளே போய் ஹால் பக்கத்து மரக்கதவைச் சாத்தினேன். கொஞ்ச நேரத்தில் ஹாலில் விளக்கெல்லாம் அணைவது கதவு இடுக்கில் தெரிந்தது. மெயினை அணைத்துவிட்டாள். கூட்டத்திலிருந்து 'ஓ'வென்று ஒரு சத்தம் எழுந்தது. அதற்கு மேலாக அவள் குரல்.

"கரண்ட் போச்சு. சிஸ்டம் நின்னுருச்சு. இனி இங்கன பில் கெடையாது. எல்லாரும் வெளிய போங்க, புளிய மரத்தடியில மேசை போட்டுக் கையில எழுதித் தருவோம்."

"டோக்கன் வாங்கி ஒரு மணி நேரமா நிக்கோம், இப்பப் போயி வெளிய போங்கன்னா?" என்றது ஒரு ஆண் குரல்.

"நிக்கிறவுக நில்லுங்க. எனக்கென்ன. டோக்கனெல்லாம் செல்லாது. வாசல் பக்கம் நிக்கிறவுகளுக்குத்தான் மொதல்ல."

அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. வாடிக்கையாளர்களை நாயை விரட்டுகிற மாதிரி விரட்டினாள். ஒரு பெண், "பேச்சப் பாரு, இனி இந்தக் கடப் பக்கம் தல வச்சுப் படுக்க மாட்டேன்," என்று கத்தியது கேட்டது. "வராதீக, இப்பவே கெளம்புங்க," என்றாள் இவள். எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. மணலை அள்ளிப் போட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. அவள் அவர்களுக்குக் கோபம் மூட்டிக்கொண்டிருந்தாள். கோபம் வந்தவன் முறைத்துக்கொண்டு, திட்டிக்கொண்டு, நடந்துதான் போவான். ஓட மாட்டான்.

மணலுக்குக் கீழேயிருந்தும் புகை வந்தது. பேட்டரியிலிருந்து வயரைப் பிடுங்கினால்தான் அடங்கும். சாக்கைக் கையில் சுற்றிக்கொண்டு இழுத்தேன், வரவில்லை. உருகிய ரப்பர் சாக்கைத் தாண்டி உள்ளங்கையில் ஒட்டியது. இருமல் பிய்த்துக்கொண்டு வந்தது. இருமினால் வெளியே கேட்கும் என்று துண்டை வாய்க்குள் திணித்துக் கடித்துக்கொண்டேன். அந்த நேரத்தில் பக்கத்தில் இருந்த ஒரு அட்டைப் பெட்டியின் விளிம்பில் சிவப்பாக ஒரு கோடு ஓடியது. வெறும் கையால் அதன்மேல் மணலை அமுக்கினேன். அமுக்கிய கையை எடுக்கப் பயமாக இருந்தது.

வெளியே ஒரு பெண் சொன்னது கதவுக்குப் பக்கத்திலேயே கேட்டது. "ஏங்க, என்னமோ கருகுற வாடை வரல?"

ஹாலில் செருப்புச் சத்தம் நின்றது.

"பக்கத்துக் காட்டுல குப்பையக் கொளுத்துறாக," என்றாள் அவள், சலிப்போடு. "தெனமும் இதே எழவுதான். நீங்க வாசல அடைச்சுக்கிட்டு நிக்காம நடங்கம்மா, பின்னால ஆளு நிக்கிறாகல்ல."

செருப்புச் சத்தம் மறுபடியும் நகரத் தொடங்கியது. எவ்வளவு மெதுவாக நகர்ந்தது! அந்த ஒரே வாசல் வழியாக, கைப்பிள்ளைக்காரிகளும் கிழவர்களும் கூடை தூக்கியவர்களும் முணங்கிக்கொண்டே போனார்கள். நான் புகைக்குள் கண்ணை மூடிக்கொண்டு, போங்கப்பா, போங்கம்மா என்று மனசுக்குள் கும்பிட்டேன்.

மூச்சு முட்டியது. கொஞ்சம் காற்று வேண்டும், கதவை விரல் அளவு திறந்தால் போதும் என்று கைப்பிடியை இழுத்தேன். வரவில்லை. மறுபடி இழுத்தேன். வெளியே தாழ்ப்பாள் போட்டிருந்தது.

பின்பக்கம் கூரை வரை பெட்டி. முன்பக்கம் தாழ்ப்பாள். என்னை முன்னால் அனுப்பிவிட்டாள் என்று அப்போது புரிந்தது. கதவைத் தட்ட முஷ்டியை மடக்கினேன். தட்டினால் ஹாலில் அத்தனை தலையும் இந்தப் பக்கம் திரும்பும். அதற்குப் பிறகு நடப்பது எனக்கும் தெரியும், ஆலை வேலைக்குப் போய் வருகிற வீட்டில் பிறந்த யாருக்கும் தெரியும். கை கதவுவரை போய் நின்றுவிட்டது. தைரியம் என்றெல்லாம் நினைக்க வேண்டாம். துண்டைக் கடித்துக்கொண்டு அவளைக் கெட்ட வார்த்தையில் திட்டினேன். அவள் தலைமுறையையே திட்டினேன். அந்த வெறியோடு திரும்பிப் போய், காலைப் பேட்டரிமேல் ஊன்றி, இரண்டு கையாலும் வயரை இழுத்தேன். பிடுங்கிக்கொண்டு வந்தது. மிச்சமிருந்த வாளியையும் கவிழ்த்தேன். புகை கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்தது. பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். சூடு இல்லை. தரையில் உட்கார்ந்து, கதவுக்கு அடியில் இருந்த இடுக்கில் மூக்கை வைத்துக்கொண்டு மூச்சு வாங்கினேன்.

வெளியே சத்தம் ஓய்ந்தது. தாழ்ப்பாள் விலகியது.

அவள்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை. என் தோளைத் தாண்டிப் பெட்டிகளைப் பார்த்தாள். "அணைஞ்சிருச்சா?"

அடிக்கக் கையை ஓங்கிவிட்டேன். அவள் நகரவில்லை.

"வெளிய தாப்பாப் போட்டியா நீ?"

"போட்டேன்."

"உள்ள பத்திக்கிட்டிருந்தா நான் எப்படி வெளிய வருவேன்?"

"வந்திருக்க மாட்டீக," என்றாள். "கதவத் தொறந்தா பொகை முளுக்க ஹாலுக்குள்ள வந்துரும். பொகையப் பாத்தா ஓடுவாக. அந்த ஒத்த வாசல்ல..." சொல்லிக்கொண்டே அந்த வாசலைத் திரும்பிப் பார்த்தாள்.

அவளுக்குப் பின்னால் ஹாலைப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. கூடைகள் அங்கங்கே கிடந்தன. எங்கள் கடைப் பிள்ளைகள் ஐந்து பேரும் தூரத்தில் புளிய மரத்தடியில் நின்று வசவு வாங்கிக்கொண்டிருந்தார்கள். பில் கவுண்டரில் இருக்க வேண்டிய அவள் நாற்காலி, இந்த மரக்கதவை ஒட்டிக் கிடந்தது. அவ்வளவு நேரமும் அவள் கதவுக்கு முதுகைக் கொடுத்து அதில் உட்கார்ந்துதான் அத்தனை பேரையும் விரட்டியிருக்கிறாள்.

"எல்லாரும் போயாச்சுல்ல. வெடிச்சா மொதல்ல நீதான் போயிருப்ப. நீ ஏன் வெளிய போகல?"

நான் ஏதோ கேட்கக் கூடாததைக் கேட்டதுபோல அவள் என்னைப் பார்த்தாள்.

"நான் போயிட்டா உங்களுக்குக் கதவ யாரு தொறக்குறது?"

ஓங்கிய கையை இறக்கினேன். அவள் இன்னும் அந்தத் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள். விட்டுட்டு வாம்மா என்றேன். அவளால் விட முடியவில்லை. விரல்களை ஒவ்வொன்றாக நான்தான் பிரித்து எடுத்தேன்.